6000-ஆ, 2000-ஆ? காலடிப்பேட்டையிலிருந்து ஒரு ஆயில் கணக்கு

கேள்வி, 2023 செப்டம்பர் 3

கொடுங்கையூர்ல இருக்கேன். போன வருஷம் எடுத்த 125 சிசி வண்டி. தினமும் பாரிமுனை போய் வரணும். வண்டியோட வந்த புக்குல 6000 கிலோமீட்டர் இல்ல 1 வருஷம், எது முதல்ல வருதோ அப்ப ஆயில் மாத்துன்னு போட்டிருக்கு. எங்க தெரு மெக்கானிக் 2000 தாண்டினா இன்ஜின் போயிடும்ங்கிறார். போன தடவை 2300-ல கொண்டு போனேன். ஆயிலை விரல்ல தொட்டுக் காட்டி, "பார், தார் மாதிரி ஆயிடுச்சு"ன்னு நாலு பேர் எதிர்ல திட்டினார். யார் சொல்றது நிஜம்?

பதில், 2023 செப்டம்பர் 3, ராத்திரி

மெக்கானிக் சொல்றதுதான் சரி. புக்கு எழுதினவன் மணலி எம்.எஃப்.எல். உரக் கம்பெனி சந்திப்பு நெரிசல்ல நின்னதில்ல.

நான் காலடிப்பேட்டை. வேலை மணலிக்கு அந்தாண்ட ஒரு கன்டெய்னர் யார்டுல. போக 11, வர 11 கிலோமீட்டர். அதுக்கு காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் ஆகுது. துறைமுகத்துக்குப் போற டிரெய்லர் ஒண்ணு குறுக்க நின்னா அப்படியே நிக்க வேண்டியதுதான். மீட்டர்ல கிலோமீட்டர் ஏறாது, உள்ள இன்ஜின் சுத்திக்கிட்டேதான் இருக்கும். காத்து அடிச்சுக் குளிர வேண்டிய இன்ஜின், காத்தே இல்லாம வேகுது. அப்புறம் ரோட்டுப் புழுதி, எண்ணூர் பக்கம் போனா சாம்பலும் நிலக்கரித் தூளும். இதெல்லாம் சேர்த்தா 2000 கூட அதிகம்னு சொல்வேன்.

என் வண்டி 100 சிசி, 2014 மாடல், 64,000 ஓடியிருக்கு. இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு ஆயில் குடிச்சதில்ல. வாராவாரம் டிப் ஸ்டிக், அதான் ஆயில் மட்டம் காட்டுற குச்சி, அதைப் பார்க்கிறேன், எப்பவும் ஃபுல். காரணம், 2000-க்கு ஒரு தடவை மாத்துறேன். அவ்வளவுதான்.

2023 செப்டம்பர் 4

ஒண்ணு விட்டுப்போச்சு. "தார் மாதிரி" விஷயத்தை நம்பாதீங்க. ஆயில் கருப்பாகுறது அது வேலை செய்யுதுங்கிறதுக்கு அடையாளம். உள்ள படியிற கரியைக் கழுவி தனக்குள்ள வெச்சுக்கிறதுக்குன்னே அதுல மருந்து கலந்திருக்கான். மாத்தின 500 கிலோமீட்டர்லயே கருக்க ஆரம்பிச்சிடும். நிறத்தை வெச்சு ஆயிலுக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது. ரெண்டு விரலுக்கு நடுவுல தேய்ச்சுப் பார்த்தா நரநரன்னு தட்டுப்பட்டா, வெள்ளித்தூள் மாதிரி மின்னினா, பெட்ரோல் வாடை தூக்கலா அடிச்சா, அப்ப கவலைப்படுங்க.

ஆனா 2000 கரெக்ட்.

2023 செப்டம்பர் 7

கரெக்ட் இல்ல.

யார்டுல நேத்து வண்டி வரத்து கம்மி. சும்மா உட்கார்ந்து கணக்குப் போட்டேன், போட்டிருக்கக் கூடாது. ஐடிலிங்ல என் இன்ஜின் நிமிஷத்துக்கு சுமார் 1400 சுத்து சுத்தும். ஒரு நாளைக்கு மொத்தமா 40 நிமிஷம் நின்ன இடத்துலயே ஓடுதுன்னு வைங்க. 56,000 சுத்து. டாப் கியர்ல 40 வேகத்துல போறப்ப நிமிஷத்துக்கு சுமார் 4000 சுத்து வரும். அப்ப அந்த 56,000 சுத்துங்கிறது 14 நிமிஷ ஓட்டம். அதாவது 9 கிலோமீட்டர் சொச்சம்.

ஆக நான் தினமும் ஓட்டுறது 22 இல்ல, 31. அந்த விகிதத்துல புக்குல இருக்கிற 6000-ஐ சுருக்கினா 4200 வருது. ரெண்டாவது கியர்லயே உருண்டுக்கிட்டுப் போறதுக்கும் சூட்டுக்கும் இன்னும் கொஞ்சம் கழிச்சா 4000, ரொம்பப் பயந்தா 3500. எப்படித் திருப்பிப் போட்டாலும் 2000 வரவே மாட்டேங்குது.

9 வருஷமா வருஷத்துக்கு மூணு தடவைக்கு மேல ஆயில் மாத்தியிருக்கேன். அதுல பாதி தண்டம்.

2023 செப்டம்பர் 8

"மெட்ரோல போங்க, ஆயிலே மாத்த வேணாம்"னு ஒருத்தர் அறிவுரை. காலடிப்பேட்டைக்கு மெட்ரோ 2021 பிப்ரவரியிலயே வந்துடுச்சு சார். மணலிக்கு வந்ததும் சொல்லி அனுப்புங்க.

2023 செப்டம்பர் 17, ஞாயிறு

கணக்கு சரியான்னு பார்க்க, இந்தத் தடவை என் மெக்கானிக் பாய் கடைக்குப் போகாம வீட்டு வாசல்லயே ஆயில் இறக்கினேன். போன தடவை மாத்தி 2600 ஆகியிருந்தது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, 5 நிமிஷம் ஓட விட்டு சூடாக்கி, 17-ம் நம்பர் ரிங் ஸ்பானரால ட்ரெயின் நட்டைக் கழட்டி, பழைய பிளாஸ்டிக் டப்பாவுல பிடிச்சேன். வண்டியை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்ச்சு, கிக்கரை நாலு தடவை மெல்ல அமுக்கி, கடைசி சொட்டு வரைக்கும் வடிய விட்டேன். அப்புறம் அளவு போட்ட ஒரு பாட்டில்ல ஊத்திப் பார்த்தேன்.

போன தடவை ஊத்தினது முக்கால் லிட்டர். வடிஞ்சது 480 மில்லி.

ஒழுகல் எங்கயும் இல்ல. பாட்டில் அளவைச் சந்தேகப்பட்டு மருந்துக் குப்பி மூடியால திரும்ப அளந்தேன். 480-தான். காலையில கூட டிப் ஸ்டிக் ஃபுல்னு காட்டிச்சே. 270 மில்லி எங்க போச்சு?

2023 செப்டம்பர் 18

கண்டுபிடிச்சிட்டேன். எழுதவே வெட்கமா இருக்கு.

டிப் ஸ்டிக்கைத் துடைச்சு, உள்ள விட்டு, நல்லாத் திருகி மூடி, அப்புறம் கழட்டிப் பார்ப்பேன். 9 வருஷமா இப்படித்தான். நேத்து ராத்திரி அலமாரியிலேர்ந்து புக்கை எடுத்தா படம் போட்டே சொல்லியிருக்கான்: திருகாதே. துடைச்சு, சும்மா உள்ள வை, மரை மேல உட்காரட்டும், எடுத்துப் பார். திருகினா குச்சி அந்த மரையோட உயரத்துக்கு இன்னும் கீழ இறங்கிடும், கம்மியா இருக்கிற ஆயிலும் மேல் கோடு வரைக்கும் நனைச்சுக் காட்டும். நான் பார்த்த ஃபுல் எல்லாம் பொய் ஃபுல்.

எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது, சிலதுல திருகித்தான் பார்க்கணும். சிலதுல குச்சியே கிடையாது, பக்கத்துல கண்ணாடி ஜன்னல் இருக்கும். அவங்கவங்க புக்கைப் பாருங்க. வண்டி நேரா நிக்கணும். கொஞ்சம் ஓட விட்டு, நிறுத்தி, 2, 3 நிமிஷம் ஆயில் கீழ இறங்கினதும் பார்க்கணும். சைடு ஸ்டாண்ட்ல பார்த்தா அது ஜோசியம்.

"ஒரு சொட்டு ஆயில் குடிச்சதில்ல"ன்னு 3-ம் தேதி எழுதினேனே, அதை அடிச்சிடுங்க. குடிகாரன் வீட்டுலயே இருந்திருக்கான்.

2023 அக்டோபர் 1

பாய்கிட்ட போய் எல்லாத்தையும் சொன்னேன். "இன்னா தம்பி, புக்கைப் படிச்சிட்டு வந்து எனக்கே கணக்கு காட்டுறியா"ன்னு சிரிச்சார். அப்புறம் சொன்னதுதான் விஷயம். அவர்கிட்ட வர்ற வண்டியில முக்கால்வாசி 8, 10 வருஷம் ஆனது. ஓட்டுறவன் ஒருத்தனும் டிப் ஸ்டிக் பக்கம் போறதில்ல. 6000-க்கு வான்னு சொன்னா 7000-க்கு வருவான், அப்ப உள்ள அரை டம்ளர் ஆயில்தான் இருக்கும், வால்வைத் திறக்கிற கேம் தேஞ்சு, சிலிண்டர் உள்சுவரான போர் கீறி, செலவு எங்கேயோ போயிடும். அதனால 2000-னு சொல்லி வெச்சா 3000-க்காவது வருவான்.

அப்ப அந்த 2000 ஆயில் கெட்டுப்போற கணக்கே இல்ல. ஆயில் குறையிற கணக்கு. சும்மா சும்மா புதுசா ஊத்துறதால என் வண்டி எவ்வளவு குடிக்குதுங்கிறது எனக்குத் தெரியவே இல்ல. பாய் சொன்னது சரி, காரணத்தை மட்டும் அவர் சொல்லலை. நானும் கேட்கலை. புக்கைப் பார்த்துட்டு 6000-க்குத் தாவியிருந்தா இதே 64,000-ல இன்ஜின் இறங்கியிருக்கும்.

இந்த 100 சிசி வண்டிங்க 1985-ல வந்தப்ப, பெட்ரோலை நிரப்பு, மூடு, மறன்னு விளம்பரம் பண்ணினாங்க. நாம ஆயிலையும் சேர்த்து மறந்துட்டோம்.

குடிக்கிறதுக்குக் காரணமும் பார்த்தோம். காலையில ஸ்டார்ட் பண்ணினதும் ஒரு கொத்து நீலப்புகை, அப்புறம் ஒண்ணுமில்ல. அது வால்வு சீல், வால்வு வழியா ஆயில் சிலிண்டருக்குள்ள இறங்காம தடுக்கிற ரப்பர். ஆக்சிலேட்டர் முறுக்க முறுக்க விடாம நீலப்புகைன்னா பிஸ்டன் ரிங், போர். எனக்கு முதல் ரகம். போர் வேலைன்னு சொல்லிடுவாரோன்னு வயித்துல புளியைக் கரைச்சது. ரெண்டு ரப்பர் சீலோட முடிஞ்சுது. சீல் விலை சொற்பம், ஹெட்டைக் கழட்டி மாட்டுற கூலிதான் செலவு.

ஹெட்டைத் திறந்ததோட வலது பக்க கவரையும் கழட்டச் சொன்னேன். இந்த ஹோண்டா வழி 100 சிசி இன்ஜின்ல கார்ல இருக்கிற மாதிரி பேப்பர் ஆயில் ஃபில்டர் கிடையாது. ஒரு வலை, அப்புறம் கிராங்க் முனையில சுத்துற ஒரு கிண்ணம். சுத்துற வேகத்துல அழுக்கை ஓரமா ஒதுக்கி ஒட்ட வெச்சுக்கும், மோர் கடையுறப்ப வெண்ணெய் ஒதுங்குற மாதிரி. என் கிண்ணத்துல சாம்பல் நிறத்துல களிமண் அரை விரல்கடைக்கு அப்பியிருந்தது. 9 வருஷத்துல 30 தடவை ஆயில் மாத்தியும் யாரும் இதைத் திறந்ததில்ல.

2023 அக்டோபர் 23

ஆயுத பூஜை. வண்டி கழுவி, சந்தனம் குங்குமம் வெச்சு, நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்கியாச்சு. ரெண்டு சக்கரத்துக்கு எதுக்கு நாலுன்னு வீட்ல கேள்வி. யார்டுல டிரெய்லருக்கு வாங்கினதுல மிஞ்சினது.

பெரியப்பா வந்திருந்தார். அவர் திருவொற்றியூர் என்ஃபீல்டு ஃபேக்டரியில வேலை பார்த்தவர். 1955-ல இங்கிலாந்து ரெடிட்ச் கம்பெனியோட மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டு சேர்ந்து ஆரம்பிச்சது. இன்னிக்கு ஓரகடம், வல்லம்னு போயிட்டாலும் நம்ம நாட்டு புல்லட்டுக்குப் பிறந்த வீடு எங்க ஊருதான். 480 கதையைச் சொன்னேன். "ஒரு குச்சியைப் படிக்கத் தெரியலை, உனக்கெல்லாம் யார்றா லைசென்ஸ் கொடுத்தது"ன்னு கேட்டார். அவர் புல்லட்டுக்கு வலது பக்கம் கியர், இடது பக்கம் பிரேக். சின்ன வயசுல அதை ஓட்டக் கத்துக்கிட்டு அப்புறம் இந்த வண்டிக்கு வந்தப்ப, பிரேக்குன்னு நினைச்சு கியரை மிதிச்சு தேரடியில ஒரு பூக்கூடை மேல விட்டிருக்கேன்.

ஊர் பேச்சு வந்ததால இதையும் சொல்லிடறேன். காலடிப்பேட்டைக்கும் யாரோட காலடிக்கும் சம்பந்தமில்ல. 1717-லேர்ந்து 1720 வரைக்கும் மெட்ராஸ் கவர்னரா இருந்த ஜோசஃப் காலெட் நெசவாளர்களைக் குடியேத்தின இடம். காலெட் பேட்டை, வாயில நுழையாம காலடிப்பேட்டை ஆயிடுச்சு.

2023 நவம்பர் 5

ரெண்டு பேர் ஒரே கேள்வி: கார் ஆயில் மிச்சம் இருக்கு, ஊத்தலாமா?

வேணாம். நம்ம வண்டிங்கள்ல இன்ஜின், கியர், கிளட்ச் மூணுக்கும் ஒரே ஆயில். கிளட்ச் பிளேட் அந்த ஆயில்லயே ஊறிக்கிட்டிருக்கு. கார்ல கிளட்ச் தனியா, காய்ஞ்சு இருக்கும். அதனால மைலேஜ் ஏத்துறதுக்காக வழவழப்பு மருந்து கலந்த கார் ஆயில் நிறைய உண்டு. அதை இங்க ஊத்தினா பிளேட் வழுக்கும். டப்பாவுல ஜாஸோங்கிற ஜப்பான் தரக் குறி எம்.ஏ. இல்லன்னா எம்.ஏ.2-னு போட்டிருக்கான்னு பாருங்க. எம்.பி.-னு இருந்தா அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு, அதுல ஆயில்ல ஊறுற கிளட்ச் கிடையாது.

எங்க யார்டு தம்பி ஒருத்தன் கேட்காம மாமனார் கார்ல மிஞ்சினதை ஊத்தினான். எர்ணாவூர் மேம்பாலம் ஏறுறப்ப இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது. பின்னாடி டிரெய்லர் ஹாரன். இறங்கித் தள்ளிக்கிட்டே பாலம் ஏறியிருக்கான். ஆயிலை மாத்தின பிறகும் பிளேட் சரியா பிடிக்க ஒரு வாரம் ஆச்சு.

பெரியப்பா இதைக் கேட்டுட்டு, "நான் கிடைச்ச ஆயிலை எல்லாம் புல்லட்டுல ஊத்தினேன், கிளட்ச் ஒண்ணும் ஆகலையே"ன்னார். யோசிச்சுப் பார்த்தா, பழைய இரும்பு இன்ஜின் புல்லட்ல கியர் பாக்ஸ் தனி, கிளட்ச் இருக்கிற பிரைமரி கேஸும் தனி. இன்ஜின்ல என்ன ஊத்தினாலும் கிளட்ச்சுக்குத் தெரியாது. அவர் அதிர்ஷ்டசாலின்னு நினைச்சேன், வண்டிதான் அப்படி.

10டபிள்யூ30-ல அந்த டபிள்யூ என்னன்னு இன்னொரு கேள்வி. வின்டராம். குளிர்ல எவ்வளவு இளக்கமா ஓடுதுங்கிறதுக்கு முதல் நம்பர், 100 டிகிரி சூட்டுல எவ்வளவு கெட்டியா நிக்குதுங்கிறதுக்கு ரெண்டாவது. பாய் என் பழைய வண்டிக்கு 20டபிள்யூ40 ஊத்துவார், "நம்ம ஊர் சூட்டுக்கு"ம்பார். முன்னாடி எல்லாம் பரவலா அதுதான். உங்க 125-க்கு புக்குல 10டபிள்யூ30 போட்டிருந்தா அதையே ஊத்துங்க, நடுவுல புகுந்து வைத்தியம் வேணாம்.

2023 நவம்பர் 6

காலி டப்பாவை ஆணியால ரெண்டு குத்து குத்திட்டுத் தூக்கிப் போடுங்க. நல்ல டப்பாவா வெளிய போனா, வேற ஆயிலோட திரும்பி வரும்.

2023 நவம்பர் 19

இன்னிக்கு மரை கழண்டது. எனக்கில்ல, வண்டிக்கு. எனக்கும்தான்னு வீட்ல சொல்றாங்க.

ஆயில் மாத்தி முடிச்ச அன்னிலேர்ந்து ட்ரெயின் நட்டுல லேசா ஈரம். இன்னும் ஒரு திருகு திருகலாம்னு ஸ்பானர் மேல கால் வெச்சு அமுக்கினேன். கிர்ருன்னு ஒரு மெத்தனம். போல்ட் இரும்பு, இன்ஜின் அடிப்பக்கம் அலுமினியம். தோத்தது அலுமினியம். ஈரத்துக்குக் காரணம் நட்டு லூஸா இருந்ததே இல்ல, பழைய வாஷரையே திரும்பப் போட்டது. அது நசுங்கி அடைக்கிற வாஷர், ஒரு தடவைதான் நசுங்கும். சில்லறைக் காசு சாமான்.

தண்டையார்பேட்டையில ஒரு லேத்துல 12 எம்எம் ஓட்டையை 14-க்கு டேப் (மரை வெட்டுற கருவி) போட்டு, அதுக்குத் தகுந்த போல்ட் கடைஞ்சு கொடுத்தாங்க. டேப் போடுறப்ப விழுந்த அலுமினியத் துருவல் உள்ள போகாம இருக்க டேப்புல கிரீஸ் தடவினாங்க. அப்பவும் நம்பாம மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி வடிச்சோம். 2000-க்கு ஒரு தடவை மாத்துறதுல இன்னொரு ஆபத்து இது. வருஷத்துக்கு மூணு தடவை கழட்டி மாட்டுறப்ப எவனாவது ஒருத்தன் கால் வைப்பான். என் விஷயத்துல அது நானே.

2023 டிசம்பர் 10

மிக்ஜாம் புயல். 3-ம் தேதி ராத்திரி ஆரம்பிச்ச மழை 4-ம் தேதி முழுக்க விடலை. வண்டியை மேற்கால மாணிக்கம் நகர் பக்கம் மாமியார் வீட்டு வாசல்ல விட்டிருந்தேன். சீட்டுக்குக் கீழ வரைக்கும் தண்ணி. ரெண்டு நாள் நின்னுச்சு.

தண்ணி வடிஞ்சதும் எதிர்வீட்டுக்காரர் முதல் வேலையா செல்ஃப் பட்டனை அமுக்கினார். ஒரு டங் சத்தம். சிலிண்டருக்குள்ள தண்ணி, தண்ணியை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைஞ்சிடுச்சு. அந்தச் சத்தம் கேட்டதாலதான் நான் கிக்கர் மேல வெச்ச காலை எடுத்தேன். இல்லன்னா நானும் அதையேதான் பண்ணியிருப்பேன்.

ட்ரெயின் நட்டைக் கழட்டினா முதல்ல தண்ணி, அப்புறம் பால் தூக்கலா போட்ட டீ. ஆயிலும் தண்ணியும் கடைஞ்சு வர்ற நிறம் அது.

2023 டிசம்பர் 24

வண்டி ஓடுது. செஞ்சதை எழுதி வைக்கிறேன், அடுத்த மழைக்கு எனக்கே தேவைப்படும். பிளக்கைக் கழட்டி, கிக்கரைக் கையால அமுக்கி சிலிண்டர் தண்ணியை வெளிய தள்ளினேன். ஏர் ஃபில்டர் டப்பாவுல இருந்த தண்ணியை வடிச்சு, ஃபில்டர் புதுசு. டாங்க், கார்புரேட்டர் ரெண்டும் காலி பண்ணிக் கழுவியாச்சு. மலிவா கிடைச்ச ஆயிலை ஊத்தி, 5 நிமிஷம் ஓட விட்டு இறக்கினேன், டீ. திரும்ப ஊத்தி இறக்கினேன், கடுங்காப்பியில ஒரு துளி பால். மூணாவது தடவை ஆயில் ஆயிலாவே வந்தது. அப்புறம்தான் நல்ல ஆயில். ரெண்டு சக்கரத்து டிரம்மையும் திறந்து சேத்தைக் கழுவினேன். ஆயிலுக்காக இவ்வளவு அலட்டிக்கிறவன் முதல் நாள் பிரேக் இல்லாம தெருமுனை வரைக்கும் போனதை யார்கிட்டயும் சொல்லலை.

மச்சான் வீடு எர்ணாவூர். அங்க வந்த வெள்ளத்துல கச்சா எண்ணெய் கலந்து வந்தது. சுவத்துல இடுப்பு உயரத்துக்குக் கருப்புக் கோடு, பாத்திரம், பாய், பிள்ளைங்க நோட்டு எல்லாத்துலயும் பிசுக்கு. முகத்துவாரத்துல கூழைக்கடா ரெக்கையெல்லாம் எண்ணெயோட உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். மீன்பிடிக்கிறவங்க டிரம்மும் வாளியுமா எண்ணெயைக் கையால அள்ளிக்கிட்டிருந்தாங்க.

மூணு தடவை இறக்கின டீ ஆயில் என்கிட்ட ரெண்டு லிட்டருக்கு மேல இருந்தது. முன்னாடி எல்லாம் பழைய ஆயிலை எங்க ஊத்தினேன்னு கேட்காதீங்க, எங்க வாசல் சாக்கடை பக்கிங்காம் கால்வாய்க்குத்தான் போகுது. இந்தத் தடவை கேன்ல பிடிச்சு யார்டு ஷெட்டுக்குக் கொண்டு போனேன். அங்க டிரம்ல சேர்த்து, பழைய ஆயில் எடுக்க லைசென்ஸ் உள்ளவங்களுக்குத்தான் கொடுக்கிறாங்க. கேனைப் பார்த்துட்டு செக்யூரிட்டி, "என்னா அண்ணா, டீ வாங்கிட்டு வந்தீங்களா"ன்னார்.

2024 பிப்ரவரி 11

பழைய ஆயிலை செயினுக்கு விடலாமான்னு கேட்டவருக்கு: எங்கப்பா காலத்துலேர்ந்து விடுறாங்க, நானும் விட்டிருக்கேன். அதுல இருக்கிற கரியும் தூளும் சேர்ந்து செயினை அரம் மாதிரி தேய்க்கும். 90 நம்பர் கியர் ஆயில் வாங்குங்க, ஒரு டப்பா ரெண்டு வருஷம் வரும். கடல் காத்துக்கு எங்க ஏரியாவுல எண்ணெய் காஞ்ச செயின் ஒரு வாரத்துல துரு பிடிக்குது. காசிமேடு பக்கம் வண்டி விடுறவங்களுக்குச் சொல்லவே வேணாம், அங்க சீட் போல்ட்டே துருப்பிடிச்சிடும்.

2024 ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. வடை பாயசத்துக்கு நடுவுல ஆயில் இறக்கினேன். டிசம்பர்ல ஊத்தினது முக்கால் லிட்டர், ஓடினது 2100. வடிஞ்சது 680. குடிச்சது 70 மில்லிதான். வால்வு சீல் வேலை செஞ்சிருக்கு. பார்க்கிறதுக்கு ஆயில் கருப்பா இருந்தாலும் விரல்ல நரநரப்பு இல்ல. இன்னும் 2000 ஓட்டியிருக்கலாம். வெள்ளத்துக்கு அப்புறம் ஒரு பயம், அதனாலதான் இறக்கினேன். அடுத்தது 4000-ல. நடுவுல ஞாயித்துக்கிழமை குச்சி, குறைஞ்சா டாப் அப். அதுக்காக மேல் கோட்டைத் தாண்டி ஊத்தவும் கூடாது. அதிகமான ஆயில் பிரீதர் வழியா ஏர் ஃபில்டருக்கு ஏறிடும்.

முதல்ல கேள்வி கேட்ட கொடுங்கையூர் தம்பி சாயங்காலம் வந்தார். ஏழு மாசமா எல்லாத்தையும் படிச்சிட்டு எதுவும் பேசாம இருந்தவர். 125 வண்டி, 19,000 ஓடியிருக்கு. ஆயில் 3100 கிலோமீட்டருக்கு முன்னாடி மாத்தினது. மெக்கானிக் தினமும் ஃபோன் பண்றாராம். வாசல்லயே சென்டர் ஸ்டாண்ட் போடச் சொல்லி, ஓட விட்டு, நிறுத்தினேன். புக்கை சீட்டுக்கு அடியில பிரிக்காம பிளாஸ்டிக் கவர்லயே வெச்சிருக்கார். பிரிச்சுப் பார்த்தோம், இதுலயும் திருகக் கூடாதுன்னுதான் படம்.

"அப்ப எங்க மெக்கானிக் சொன்னது தப்புதானே அண்ணா?"

"உன் வண்டியைப் பார்த்துட்டுச் சொல்றேன்"னேன்.

குச்சியைத் துடைச்சு அவர் கையிலயே கொடுத்தேன். உள்ள வெச்சார். வெச்சதும் பழக்கதோஷத்துல விரல் ரெண்டும் வலது பக்கம் திரும்ப ஆரம்பிச்சுது. கையைப் பிடிச்சேன்.